அறிவுச் சோலை: நூலுக்கு உரை காணும் குழு

நம்மில் மூத்தோர் பலர் முதன்முதலாக வடபுலம் வந்த பயணத்தை மறந்திருக்கமாட்டார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வரும் ரயில் சென்னை எழும்பூரோடு நின்றுவிடும். அது மீட்டர் கேஜ் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ செல்லும் வண்டி சென்ட்ரலிலிருந்து புறப்படும். அது அகலப் பாதை. இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஆகவே மூட்டை முடிச்சுகளையும் தண்ணீர்க் கூஜாவையும் குழந்தைகளையும் ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்குக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. வண்டியும் நல்ல வண்டிதான். பாதையும் நல்ல பாதைதான். ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை என்பதே தொல்லை. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரே பாதைத் திட்டம் அத்தொல்லையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது.

கணிப்பொறி உலகிலும் இதே தொல்லை ஒரு காலத்தில் மிகுந்திருந்தது. அதைப் போக்க எழுந்ததோர் ஏற்பாட்டையும், அந்த ஏற்பாட்டை இன்றளவும் பழுதுபடாமல் காத்துவரும் குழுவையும் பற்றி இம்மாதம் காண்போம். நம் இல்லங்களில் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலைக்கு அடிநிலமாக இருப்பது இது. இதன் வரலாற்றைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

ஒன்று பலவான கதை

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். நாம் பயன்படுத்தும் மற்ற நிரல்கள் யாவும் அதனிடம் வேண்டுகோள் விடுத்தே காரியம் முடித்துக்கொள்கின்றன. 'இக்கோப்பைத் திற', 'இதில் எழுது', 'இப்போது மணி என்ன?' என்பன அவ்வேண்டுகோள்கள். எச்சொல்லால் வேண்டவேண்டும், என்ன விடை வரும், தவறு நேர்ந்தால் எப்படி அறிவது என்னும் ஒழுங்குமுறைக்கே இடைமுகம் என்று பெயர்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அது பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. பெர்க்லியில் ஒரு கிளை வளர்ந்தது; தாய் நிறுவனத்தில் 'சிஸ்டம் ஐந்து' என்னும் மற்றொரு கிளை வளர்ந்தது. சன், ஹியூலட் பேக்கார்ட், ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் தத்தமக்கென ஒவ்வொன்றை அமைத்துக்கொண்டன. பெயரளவில் எல்லாம் ஒரு குடும்பம். பேச்சிலோ வட்டாரத்திற்கு ஒரு வழக்கு. ஓரிடத்தில் எழுதிய நிரலை மற்றோரிடத்தில் ஓட்டவேண்டுமானால் எழும்பூரில் இறங்கிச் சென்ட்ரலுக்குப் போகவேண்டிய நிலை.

இந்நிலையை மாற்ற, ஐ.இ.இ.இ. எனப்படும் மின்பொறியாளர் கழகம் 1988இல் தரநூல் ஒன்றை வெளியிட்டது. அதற்குப் பாசிக்ஸ் என்று பெயர். அப்பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1990இல் அது உலகத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ.வின் ஏற்பைப் பெற்றது. கட்டளைகளைப் பற்றிய பகுதி 1992இல் வந்தது. இதற்கிடையே நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று தானும் தனியே ஒரு தரநூலை வளர்த்து வந்தது. ஒருமைப்பாட்டிற்காக எழுந்த நூல்களே ஒன்றுக்கு மேற்பட்டனவாயின என்றால் நகைப்பிற்கு இடம் உண்டன்றோ!

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்டின் நகரில் இவ்வமைப்புகளின் பிரதிநிதிகள் கூடினர். ஐ.இ.இ.இ., ஐ.எஸ்.ஓ., ஓப்பன் குரூப் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே நூலை எழுதுவது, அதே எழுத்தை மூன்றும் ஏற்பது என்று முடிவாயிற்று. கூடிய ஊரின் பெயரே குழுவிற்கு நிலைத்துவிட்டது. ஆஸ்டின் குழுவின் முதல் நூல் 2001இல் வெளிவந்தது, 2008இல் புதுப்பிக்கப்பட்டது, அண்மைப் பதிப்பு 2024ஆம் ஆண்டினது. ஏறத்தாழ 4,000 பக்கங்கள் கொண்ட பெருநூல் அது.

விதியும் மௌனமும்

இந்நூலை இயற்றியோர் மேற்கொண்ட நெறி, நம் இலக்கண ஆசிரியர்களின் நெறியை ஒத்தது. புதிய மொழியைப் படைப்பது இலக்கணத்தின் வேலை அன்று. சான்றோர் வழக்கை ஆராய்ந்து விதி வகுப்பதே அதன் வேலை. அவ்வாறே, ஏற்கெனவே பல இயங்குதளங்களில் வழங்கி நிலைபெற்ற முறைகளையே இக்குழு விதியாக்க முயல்கிறது. இடைமுகம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும். அதை உள்ளே எவ்வாறு அமைப்பது என்பதை ஆக்குவோரிடம் விட்டுவிடும்.

சொற்களை அக்குழு கையாளும் கண்டிப்பு குறிப்பிடத்தக்கது. 'செய்தல் வேண்டும்' என்பது கட்டளை. 'செய்வது நன்று' என்பது பரிந்துரை. 'செய்யலாம்' என்பது உரிமை. இம்மூன்றையும் மயக்கி எழுத இடமில்லை. இதனினும் நுட்பமானது, நூல் விதி கூறாமல் விடும் இடங்களைப் பாகுபடுத்தியிருக்கும் முறை. சிலவற்றை ஒவ்வோர் இயங்குதளமும் தன் விருப்பப்படி அமைக்கலாம். ஆனால் எப்படி அமைத்தது என்று எழுதி அறிவிக்கவேண்டும். வேறு சிலவற்றில் எப்படி அமைத்தாலும் சரி, அறிவிக்கவும் வேண்டுவதில்லை. இன்னும் சில, நிரல் எழுதுவோன் வரம்பு மீறியதனால் நேர்வன. அங்கே என்ன விளையும் என்பதற்கு நூல் பொறுப்பேற்காது. மௌனத்திலும் மூவகை கண்டவர்கள் இவர்கள்!

ஐயம் எழுந்தால்

4,000 பக்கங்களையும் ஐயத்திற்கு இடமின்றி எழுதுவது எவராலும் இயலாது. தொல்காப்பியத்திற்கே இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் எனப் பலர் உரை காண வேண்டியிருந்தது. அவர்களும் ஒருவரை ஒருவர் மறுத்தனர். எனினும் அங்கே உரையாசிரியர் வேறு, நூலாசிரியர் வேறு. ஆஸ்டின் குழுவோ இரண்டுமாக இருக்கிறது. நூலை எழுதியவர்களே பொருளும் சொல்லுமிடத்து ஓர் ஆபத்து உண்டு. 'நாங்கள் கருதியது இதுதான்' என்று சொல்லி, எழுதப்பட்ட விதியையே உரையினால் மாற்றிவிடலாம் அல்லவா? சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் அமர்ந்தவர்கள் இதை நன்கறிவார்கள். விதிப்புத்தகம் ஒன்றாயிருக்க, அதன் பொருள் தலைவருக்குத் தலைவர் மாறுவதை நாம் கண்டதில்லையா?

இந்த ஆபத்தைத் தடுக்க அக்குழு மூன்று செயல்களைத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது பொருள் கூறுதல். இது நூலின் ஓர் எழுத்தையும் மாற்றாது. இரண்டாவது பிழை திருத்தல். திருத்தங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகுப்பாக வெளியிடப்படும். ஆனால் அத்தொகுப்பில் புதிதாக எதையும் நுழைக்க இயலாது. 2008ஆம் ஆண்டு நூலுக்கு இத்தகைய தொகுப்புகள் 2013இலும் 2016இலும் வந்தன. மூன்றாவது புதியன சேர்த்தலும் பழையன நீக்கலும். அது முழுமையான மறுபதிப்பின்போதே நிகழும்.

ஐயத்தை எவரும் எழுப்பலாம். குழுவில் சேரக் கட்டணமில்லை. பெரிய நிறுவனத்தின் பொறியாளரும் கல்லூரி மாணவரும் தனி மனிதராகவே பங்கு கொள்கின்றனர். இன்ன பக்கத்தில் இன்ன வரி தெளிவாயில்லை, அதற்குப் பதிலாக இவ்வாறு எழுதலாம் என்று மாற்று வாசகத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும். குறை சொல்வதோடு நின்றுவிடாமல் திருத்தமும் தரவேண்டும் என்னும் இந்த வழக்கம் போற்றத்தக்கது. தொலைபேசி வழிக் கூட்டங்களில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கின்றனர்.

பொருள் கூறும் தீர்ப்புகள் நான்கு வகைப்படும். நூல் தெளிவாகச் சொல்கிறது, அதன்படி நடக்கவேண்டும் என்பது ஒன்று. நூல் தெளிவாகச் சொல்கிறது, அதன்படியே நடக்கவேண்டும், எனினும் அவ்விதியின் நலத்தைப் பற்றி ஐயம் எழுந்திருப்பதால் அது மறுபரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது என்பது இரண்டு. நூல் தெளிவற்றிருக்கிறது, ஆதலால் எவ்வழி சென்றோரையும் விதி மீறியவர் எனக் கூறலாகாது என்பது மூன்று. நூல் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே எவர் மீதும் குற்றமில்லை என்பது நான்கு. இத்தீர்ப்பும் உடனே முடிவாவதில்லை. 30 நாள் பொதுப் பார்வைக்கு வைத்த பின்னரே உறுதியாகும்.

இவற்றுள் மூன்றாவதையும் நான்காவதையுமே நாம் மிகவும் மதிக்கிறோம். 'எங்கள் நூலில் இதற்கு விடையில்லை' என்று எழுதிக் கையொப்பமிடும் துணிவு அதிகாரம் உடையவர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது. எழுதப்பட்டதை நம்பி இரவு பகலாக உழைத்து நிரல் எழுதிய ஒருவனை, பின்னால் கூறும் பொருளால் குற்றவாளி ஆக்கலாகாது என்னும் அறம் அதனுள் அடங்கியிருக்கிறது.

சில வழக்குகள்

எடுத்துக்காட்டுகள் சில காண்போம். யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகள் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி வினாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. ஆண்டு, நாள், மணி இவற்றிலிருந்து அவ்வெண்ணிக்கையைப் பெற 1988ஆம் ஆண்டு நூல் ஒரு சூத்திரம் தந்தது. எளிமை கருதி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மிகைநாள் வரும் என்பதோடு அது நின்றுவிட்டது. நூற்றாண்டின் முடிவில் வரும் ஆண்டு, 400ஆல் வகுபட்டாலன்றி, மிகைநாள் பெறாது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விதி. 2000ஆம் ஆண்டு 400ஆல் வகுபடும். ஆகவே குறை வெளிப்படவில்லை. 2100இலோ பிப்ரவரி 29 என்று இல்லாத நாளொன்று முளைத்திருக்கும்! 2001ஆம் ஆண்டு நூலில் சூத்திரம் செம்மை செய்யப்பட்டது. தீங்கு விளைவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பிழை களையப்பட்டது.

இரண்டாவது, 'எக்கோ' என்னும் மிகச் சிறிய கட்டளை. கொடுத்த சொல்லைத் திரையில் திருப்பிக் காட்டுவதே அதன் வேலை. ஆயினும் சொல்லுக்குப் பின் அடுத்த வரிக்குச் செல்லாமல் இருக்கவேண்டுமானால், ஒரு மரபினர் ஒரு குறியை முன்னால் இட்டனர். மற்றொரு மரபினர் வேறொரு குறியைப் பின்னால் இட்டனர். இரு வழக்கிலும் எண்ணற்ற நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. எதை விதியாக்கினாலும் மற்றதை நம்பியோர் கெடுவர். குழு என்ன செய்தது? அக்குறிகள் வரும் இடத்தில் பயன் இயங்குதளத்தைப் பொறுத்தது என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, புதிதாக எழுதுவோர் 'பிரின்ட்எஃப்' என்னும் வேறொரு கட்டளையைக் கையாளுக என்று வழிகாட்டியது. பங்காளிச் சண்டையில் ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்லாமல் ஊருக்குப் பொதுவாகப் புதுக் கிணறு வெட்டியது போன்றதே இது.

மூன்றாவது வழக்கு ஆழமானது. நிரல் ஒரு கோப்பைத் திறந்தால் இயங்குதளம் அதற்கு ஓர் எண் தரும். ரயில் நிலையத்தில் பெட்டியைக் காப்பறையில் வைத்துச் சீட்டுப் பெறுவது போல. வேலை முடிந்ததும் 'மூடு' என்று சொல்லி எண்ணைத் திருப்பித் தரவேண்டும். மூடும் வேளையில் சிக்னல் என்னும் அவசரச் செய்தி குறுக்கிட்டுவிட்டால், 'இடையூறு நேர்ந்தது' என்ற விடை வரும். கோப்பு மூடிற்றா, இல்லையா? நூல் இதை விதிக்காமல் விட்டிருந்தது. ஓர் இயங்குதளத்தில் கோப்பு திறந்தே இருக்கும், லினக்ஸிலோ மூடியிருக்கும். இன்னொரு முறை 'மூடு' என்றால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. அதற்குள் அதே எண் அந்நிரலின் வேறொரு பகுதிக்கு வழங்கப்பட்டிருக்கலாம். இரண்டாம் முறை மூடுவது பிறர் கோப்பை மூடியதாகும். நம் சீட்டைக் கொடுத்து அயலார் பெட்டியை எடுத்துச் செல்வது போன்ற பிழை அது. கண்டுபிடிப்பதும் கடினம். குழு ஆராய்ந்து, மூடாத நிலைக்கு ஒரு விடைச்சொல்லும் மூடிய நிலைக்கு வேறொரு விடைச்சொல்லும் வகுத்தது. தெளிவாக மூடுவதற்கெனப் புதிய செயல் ஒன்றையும் அமைத்தது. புதியது ஆதலால் திருத்தத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. அடுத்த பதிப்பு வரையில் காத்திருந்து 2024இல் நூலேறிற்று.

நீக்கலுக்கும் ஒன்று சொல்வோம். 'கெட்ஸ்' என்னும் பழைய செயல், வரும் எழுத்துகளை வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றும். பாத்திரத்தின் கொள்ளளவைக் கேளாது. தரநூல் முதன்முதல் வெளிவந்த அதே 1988ஆம் ஆண்டில், நவம்பர் 2ஆம் நாள், இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்னும் தீநிரல் இவ்வோட்டையையும் ஒரு வாயிலாகப் பயன்படுத்திற்று. 2008இல் இச்செயல் வழக்கொழியத் தக்கது என்று குறிக்கப்பட்டது, 2024இல் நீக்கப்பட்டது. தீது என்று தெரிந்தும் இத்தனை ஆண்டுகளா என்று இளைஞர் சினங்கொள்வர். பழைய நிரல்கள் மாறிக்கொள்ள நாள் தரவேண்டும் என்பது குழுவின் நிலை. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் இவ்விடத்தில் நாள் சற்று அதிகமாகவே தரப்பட்டது என்பது நம் கருத்து.

நமக்கு இதில் என்ன?

2024ஆம் ஆண்டுப் பதிப்பில் நம்மைத் தொடுவன இரண்டு உண்டு. ஒன்று, காலத்தைக் குறிக்கும் எண் குறைந்தது 64 இரும எண்கள் அகலம் உடையதாக வேண்டும் என்பது. 32 அகலமுள்ள பழைய முறையில், 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு எண்ணிக்கை நிரம்பிவிடும். அதன்பின் அத்தகைய பொறிகள் 1901ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் சென்றுவிடக்கூடும். இன்று பிறக்கும் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை போடும் பெற்றோருக்கு 2038 தொலைவான ஆண்டு அன்று.

மற்றொன்று, 'கெட்டெக்ஸ்ட்' என்னும் ஏற்பாடு. நிரல் காட்டும் செய்திகளை அதன் உடலினின்று பிரித்துத் தனிப் பட்டியலாக்கி, ஒவ்வொரு மொழிக்கும் பெயர்த்து வைப்பதற்கான முறை இது. ஒருமை பன்மை மொழிக்கு மொழி வேறுபடுவதையும் இது கருத்தில் கொள்கிறது. 1990களின் முற்பகுதியில் சன் நிறுவனத்தில் தோன்றி, 1995இல் குனு திட்டத்தின் வழியே பரவி, கனோம், கேடிஇ முதலிய மென்பொருள்களைத் தமிழில் பெயர்த்த தொண்டர்களுக்குக் கருவியாய் விளங்கியது இதுவே. சுமார் முப்பது ஆண்டு வழக்கில் நிலைத்த பிறகே தரநூல் இதற்கு இடம் தந்தது. வழக்கு முன்னே, விதி பின்னே என்னும் நெறிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ! நம் மொழியைத் திரையில் ஏற்ற உழைத்தவர்கள் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களைப் போன்றோர் பல நாடுகளிலும் செய்த பணியே வழக்காகி, வழக்கே விதியாயிற்று.

இக்குழுவிற்குக் காவலரும் இல்லை, தண்டனையும் இல்லை. தேர்வில் வென்று யூனிக்ஸ் என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ளும் உரிமை பெற்ற இயங்குதளங்கள் சில. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளம் 2007இல் முதன்முறையாக அச்சான்றைப் பெற்றது. லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவை சான்று நாடாமலே பெரும்பகுதி விதிகளைப் பின்பற்றுகின்றன. உடன்படாத இடங்களில் தம் வழியே செல்கின்றன. நூலில் எழுதிவிட்டதனால் மட்டும் உலகம் ஒருநாளில் மாறிவிடுவதில்லை. எனினும் இணையச் சேவைகளைத் தாங்கும் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் கருவும் லினக்ஸே. அவற்றை ஆக்குவோர் கருத்து வேறுபடும்போதும் எடுத்துப் பார்க்கும் பொது நூலாக இது இருக்கிறது. கட்டாயத்தால் வாராத மதிப்பு இது, தெளிவினால் வந்தது.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்நூலை இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். குழுவின் கதவும் திறந்தே இருக்கிறது. ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் இவ்விதிகளின் மேல் நிரல் எழுதிப் பிழைக்கின்றனர். விதியில் ஐயம் தோன்றும்போது அதைத் தமக்குள் முணுமுணுத்து வேறு வழி பார்த்துக்கொள்வதே பெரும்பாலோர் வழக்கம். அவ்வையத்தைப் பக்கமும் வரியும் குறித்து, மாற்று வாசகமும் எழுதி அனுப்பினால், அது அடுத்த பதிப்பில் ஒரு வரியாக நின்று, பெயரறியாத பல்லாயிரவர்க்கு வழி தெளிவாக்கும். நூற்பாவின் ஒரு சொல்லுக்காக வாதிட்ட உரையாசிரியர்களின் வழித்தோன்றல்களுக்கு இப்பணி அயலானதன்று.